உன் இடது கைத் தழும்பு

அக்கா,

இன்றைக்கு நகரியில் டாக்டர் ரூமுக்குப் போயிருந்தேன். பெரிசாக ஒன்றுமில்லை, பதறாதே. வேர்க்கடலைக் காட்டில் மண்வெட்டி காலில் பட்டுவிட்டது, டி.டி. ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நர்சுப் பெண் ரவிக்கைக் கையை மேலே தள்ளி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நீ பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். "இன்னா பெரீம்மா, இந்த ஊசிக்கா கண்ணு கலங்குது?" என்று அந்தப் பெண் கேலி செய்தாள். ஊசிக்கு இல்லடி என்றேன். யாருக்கு என்று அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் தெருவில் இன்னமும் ஒரு பேச்சு இருக்கிறது. மூத்த மருமகள் அம்மனை எதிர்த்துக்கொண்டாள், அம்மன் அவளை எடுத்துக்கொண்டாள் என்று. போன வாரம்கூட ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். என் காது கேட்கச் சொன்னாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளுக்கு நன்றாகக் கொடுத்தேன். அந்தப் பேச்சை நான் அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, கட்டையில் போகிற வரைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் இளைய மருமகளாக அந்த வீட்டுக்கு வந்தபோது, உன் முதல் பிள்ளை பெரியம்மையில் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கங்கையம்மன் ஜாத்திரைக்குக் கரகம் வந்து இறங்குகிற வீடு நம் வீடு. அம்மை கண்டு போன உயிருக்கு அந்த வீட்டில் யாரும் அழக்கூடாது. அம்மன் கேட்டாள், கொடுத்தோம் என்று இருக்க வேண்டும். ஒரு நாள் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தபோது நீயாகவே சொன்னாய்: "செத்ததுகூட இல்லடி. என்னை அயுவ விடல பாரு, அதுதான் இங்க நிக்குது." நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடியும் துழாவ ஆரம்பித்தாய்.

அப்போது ஊரே எல்லைப் பேச்சில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆந்திரா பிரிந்துவிட்டது, நம் ஊர் அங்கேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் வருமா என்று ஆண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருவார். நீ அவருக்கு மிளகுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொல்வாய்: "ஊரு எந்தப் பக்கம் போனா இன்னா, கொயந்தைங்க இந்தப் பக்கம் இருக்கணும் இல்ல?" அவர் குனிந்தபடியே குடித்துவிட்டு லோட்டாவைத் திருப்பிக் கொடுப்பார்.

உன் இரண்டாவது பையன் பேச ஆரம்பித்த வருஷம், என் மகள் கைக்குழந்தை. புத்தூர்ப் பக்கம் அம்மை வந்துவிட்டது என்று செய்தி வந்தது. நகரி டாக்டர் ரூமில் அம்மை குத்துகிறார்கள் என்று நீ எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாய். வேறு ஒருத்தியாக இருந்தால் வளையல் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். நீ நடுக்கூடத்தில் நின்று, "கொயந்தைங்களுக்கு அம்மை குத்திக்கினு வரோம்" என்றாய்.

மாமனார் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். "கரகம் எறங்கற வூட்ல ஊசியா? இன்னா பேச்சு பேசற நீ?"

"கரகம் வூட்ல எறங்கட்டும், நைனா. நான் வேணான்னு சொல்லல. கொயந்தை மேல எறங்க வேணாம்னுதான் போறேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் பயந்தவள்தான். ஆனாலும் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உன் பின்னால் நடந்தேன். தெருவில் நீ சும்மா போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டாய். திட்டியவர்களும் உண்டு, பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுத்தவர்களும் உண்டு. ஏரிக்கரை தாண்டும்போது நம் பின்னால் ஒரு சந்தையே வந்துகொண்டிருந்தது.

டாக்டர் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். மருந்து பனிக்கட்டியில் வைத்து ரயிலில் வரும், பிரித்தால் வைத்திருக்க முடியாது. அன்றைக்கு வந்தது கொஞ்சம்தான். முதலில் குழந்தைகள், அப்புறம் கையில் தழும்பே இல்லாத பெரியவர்கள் என்றார். என் கை வழவழவென்று இருந்தது. சின்ன இரும்பை வைத்துத் திருகியபோது நான் கூச்சல் போட்டேன், உன் பையன்கூட அவ்வளவு கத்தவில்லை. நீ சிரித்தாய். உன் முறை வந்ததும் இடது கையை நீட்டினாய். மேல்கையில் வட்டவட்டமாய்ச் சுருங்கிய தழும்புகள். "சின்ன வயசுல குத்தினது போல" என்றாய். நீ அப்படித்தான் நம்பியிருந்தாய். டாக்டரும் பார்த்தார். "பர்வாலேது, பரவால்ல அம்மா, பழசு இருக்குது. மறுபடி போடணும்தான், அடுத்த மருந்து வரட்டும், மொதல்ல உனக்கே" என்றார். உனக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணுக்கு அந்த மருந்து போயிற்று.

வீட்டு வாசலில் அத்தை எலுமிச்சம் பழமும் சாம்பலுமாகக் காத்திருந்தாள். குத்தின இடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டால் மருந்து போய்விடும், அம்மனுக்கும் கோபம் தணியும் என்று கணக்கு. நீ தூரத்திலேயே பார்த்துவிட்டாய். "அங்க போவாத, இங்கியே குந்து" என்று எங்கள் எல்லாரையும் புங்கமரத்து நிழலில் உட்காரவைத்தாய். கை காயும் வரைக்கும் ஒருத்தியையும் எழுந்திருக்க விடவில்லை. பிறகு உள்ளே போய் அந்த எலுமிச்சம் பழத்தை வாங்கிப் பிழிந்து எல்லாருக்கும் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாய். அத்தைக்கும் ஒரு லோட்டா. அவளும் குடித்தாள் பாரேன்.

அடுத்த மருந்து வருவதற்குள் அம்மை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி அன்றைக்கு நம்மோடு வராதவள், அவளுக்குத்தான் முதலில். வேப்பிலை கட்டின அந்த வாசலைத் தாண்ட ஒருவருக்கும் தைரியமில்லை. நீ கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "விடுடி, எனக்குத்தான் தழும்பு இருக்குதே" என்றாய். அந்த வார்த்தை, அக்கா, இத்தனை வருஷம் கழித்தும் அடுப்படியில் தனியாக இருக்கும்போது கேட்கிறது.

அவள் பிழைத்தாள். நீ படுத்தாய்.

பாலசமுத்திரத்திலிருந்து உன் அம்மா வந்தார்கள். உன் மேல் வேப்பிலை வீசிக்கொண்டிருந்த நான் ஆற்றாமையில் கேட்டேன், "இவங்களுக்கு எப்பிடிம்மா வரும்? சின்னதுல குத்தின தழும்பு இருக்குதே?" அவர்கள் உன் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "அது ஊசி இல்ல கண்ணு. கைக்கொயந்தையில இவளுக்குக் காமாலை. மஞ்சக் கெயங்கைச் சுட்டு வெச்சோம்."

சூடு. காமாலைக்குப் போட்ட சூடு. உன் கையில் ஊசியே பட்டதில்லை. நீ கேட்டாயா, கேட்கும் நிலையில் இருந்தாயா, தெரியாது. கேட்டிருக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருவே வாயை மூடிக்கொண்டு நின்றது. உன் பையன் என் இடுப்பில் இருந்துகொண்டு, உன்னைக் காட்டி "எங்க போது?" என்று கேட்டான். நான் அழுதேன். சத்தமாக, ஒப்பாரியாகவே அழுதேன். "அயுவாதடி, வூட்டுக்கு ஆவாது, உன் பொண்ணு மேல வந்துடும்" என்று அத்தை என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையைக் கடித்தேன். கடித்துவிட்டு உன் முதல் பிள்ளைக்கும் சேர்த்து அழுதேன், நீ அழ முடியாமல் வைத்திருந்ததையும் நானே அழுது தீர்த்தேன்.

அம்மன் என் மகள் மேல் வருவாள் என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான் பார்த்தேன், பொய் சொல்வானேன். காலையில் எழுந்ததும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், உன் பையன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அம்மை நம் தெருவில் வீடு வீடாக நடந்தது. நீ ஏரிக்கரை வழியாகக் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அம்மனுக்கு உன்மேல் கோபம் என்றால், நீ குத்திவைத்த பிள்ளைகளை ஏன் விட்டாள்? இதைத்தான் குழாயடியில் கேட்டேன். நம் அம்மன் மேல் பழி போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு டாக்டர் ரூமில் மருந்து வந்தபோதெல்லாம் நான் போய் வாசலில் நின்றேன். தழும்பு இருக்குது என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்புகிறவர்களை வழிமறிப்பேன். "சூடா, ஊசியா? உங்க அம்மாவைக் கேட்டியா?" என்பேன். தெரியாது என்றால் விடமாட்டேன், இழுத்துக்கொண்டு போய் உட்காரவைப்பேன். சூட்டுக்காரி என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும். இப்போது அந்த நோயே இல்லை. ஆனாலும் போலியோ சொட்டோ, தட்டம்மை ஊசியோ, யாராவது "போட்டாச்சு" என்றால் யார் போட்டது, நீ பார்த்தாயா என்று என் வாய் தானாகக் கேட்கிறது. இன்றைக்கு அந்த நர்சுப் பெண்ணையே கேட்டேன், உனக்கு டி.டி. போட்டாச்சா என்று. திருதிருவென்று விழித்தாள்.

எல்லை கிழித்தார்கள், நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. உன் பையன் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது கரகத்துக்குக் காப்புக் கட்டிக்கொள்கிறவன் அவன்தான், நான் வளர்த்த பிள்ளை. ஒவ்வொரு ஜாத்திரைக்கும் அவன் கரகத்தோடு வாசலுக்கு வந்து நிற்கும்போது நான் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவன் காலில் ஊற்றுகிறேன். மேலே நிமிர்ந்தால் அவன் கையில் நீ வைத்த தழும்பு தெரியும். அங்கேயே, அம்மன் முன்னாலேயே, உன்னைக் கூப்பிட்டு வாய்விட்டு அழுகிறேன். அவன் நகராமல் நிற்கிறான். மேளக்காரன் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறான். இப்போதெல்லாம் யாரும் என் வாயைப் பொத்த வருவதில்லை.