நல்லது ஒன்று சொல்லச் சொன்னேன்

மெர்சி,

கவரைப்பேட்டை கம்பெனிக்கு ஷிப்டு போகிறேன். நீ தூங்குவதால் எழுப்பவில்லை. குக்கரில் கஞ்சி இருக்கிறது, கொஞ்சமாவது குடி.

கொரோனாவில் உன் அம்மா போனதிலிருந்து நீ பேசுவதே இல்லை. தினமும் நடந்த நல்லது ஒன்றைச் சொல்ல வைத்தால் மனசு தேறும் என்று கவுன்சிலிங் மேடம் போனில் சொன்னார். அதனால்தான் நேற்றுக் கேட்டேன். "எங்கம்மா மூஞ்சியக்கூட காட்டாம எடுத்துக்கினு போய் பொதச்சிட்டாங்க, இதுல இன்னா நல்லது?" என்று கத்தினாய். நேற்றிலிருந்து நானும் யோசிக்கிறேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இனிமேல் கேட்க மாட்டேன்.

மதியம் பக்கத்து வீட்டு ரோசம்மாள் அக்கா வந்து பார்க்கும். நான்தான் சொன்னேன், கோபப்படாதே.

உன் புருஷன் அந்தோணி

பி.கு: ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துப் போகிறேன். திட்டுவதானால் திட்டு. நான் வரும்வரை இரு.