மருந்துப் புண்

அக்டோபர் 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. மலைக்கு ஒரு ஜீப்பும் ஏறவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு வேலை இல்லாத நாளில்தான் எனக்குக் கூட்டம். பெஞ்சு நிறைந்து வராந்தா வரை. யாரோ என் குடையை எடுத்துப் போய்விட்டார்கள். நாசமாய்ப் போக.

கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்த்தது: பதினொன்று. பத்து சரி. ஒன்று சரியில்லை. சிபிலிஸ். இங்கே மேகநோய் என்பார்கள்.

பெயரை இதிலும் எழுத மாட்டேன். சி. என்று மட்டும். இருபத்து நான்கு வயது. ஆறு மாதம் முடியப் போகிறது, இதுதான் முதல் பரிசோதனை. காய் எடுக்கும் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? புருஷன் ஜீப் டிரைவர். அவன் ஜீப்பிலேயேதான் இவளும் தோட்டத்துக்குப் போகிறாள்.

பார்த்த முகமாக இருந்தது. "என்னக்கா மறந்துட்டீங்களா? ஜூன்ல வந்தேன்ல, மருந்துப் புண்ணுக்கு" என்றாள். 

இந்த ஊரில் மருந்து இரண்டு. நான் கொடுப்பதும் மருந்து, ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியும் மருந்து. மருந்தடித்த தோட்டத்தில் ஈரத்தில் உட்கார்ந்து எழுபவர்களுக்கு அரிப்போ, கொப்புளமோ, வெள்ளைப்படுதலோ, எது வந்தாலும் ஒரே பெயர்தான். மருந்துப் புண். அப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

எல்லோரும் போனபின் ஜூன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. "மருந்துப் புண். ஒன்று. வலி இல்லை. களிம்பு." வலி இல்லை என்பதற்கு அடியில் கோடு வேறு, ஏதோ நல்ல செய்தி மாதிரி. வலிக்காத புண்தான் அந்தப் புண் என்று பயிற்சியில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். அப்போதே அவளுக்கு இரண்டு மாதம். அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பதினாறு வருஷம் நர்ஸ். தூ.

அக்டோபர் 7, செவ்வாய்

தூறல். டாக்டரம்மா பார்த்தார். வாரம் ஒன்று வீதம் மூன்று பென்சிலின் ஊசி. முதல் ஊசி இன்று. இடுப்புக்குக் கீழே, ஆழமாக. பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தமே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு எல்லாம் சொன்னேன். எப்படி வரும், வலிக்காத புண்தான் அதன் அடையாளம், பிள்ளைக்கு என்ன ஆகும், வீட்டுக்காரருக்கும் ஊசி போடாவிட்டால் திரும்ப வரும், அதுவரை ஆணுறை இல்லாமல் கூடாது.

"அத நான் எப்பிடிக்கா அவருகிட்ட சொல்றது? எவன்கிட்ட வாங்கிட்டு வந்தேன்னு கேப்பாரு."

"நீ அவரத் தவிர..."

"என் பிள்ள மேல சத்தியமா இல்லக்கா." வயிற்றில் கை வைத்துச் சொன்னாள். "அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நான் செத்துருவேன்."

சரி என்றேன். அவள் அனுமதி இல்லாமல் அவனிடம் பேச முடியாது. பேசாமல் அவனுக்கு எப்படி ஊசி போடுவது?

குழந்தை துடிப்பு இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. இரண்டு தடவை வைத்துக் கேட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

வெயில். மலைப்பக்கம் மட்டும் மூட்டம். செருப்பு வார் அறுந்தது. மகள் ஹாஸ்டலிலிருந்து போன், தீபாவளிக்கு முறுக்கு வேண்டுமாம்.

ஆணுறைப் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டி இரண்டு மாதமாக ஒருவரும் தொடவில்லை. நேற்று கழிவறையின் உள்சுவருக்கு மாற்றினேன். இன்று மாலை காலி. வெட்கத்துக்கும் ஒரு கதவு வேண்டியிருக்கிறது இந்த ஊர் ஆம்பளைகளுக்கு.

அதிலிருந்துதான் யோசனை. ஒருவனை மட்டும் கூப்பிட்டால்தானே சந்தேகம்? எல்லோரையும் கூப்பிட்டால்? டாக்டரம்மா சரி என்றுவிட்டார்.

செய்ய வேண்டியது: ரத்தம் பார்க்கும் கிட் கேட்க. மேசை இரண்டு. ஜீப் ஸ்டாண்டில் சொல்ல. முறுக்கு மாவு.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜீப் ஸ்டாண்டில் முகாம். சர்க்கரை, பிரஷர், மேகநோய், மூன்றும் பார்க்கிறோம் என்று வாய்விட்டே சொன்னேன். மறைத்து ரத்தம் எடுப்பது என் பழக்கம் இல்லை.

ஒரே கிண்டல். "யக்கா, கல்யாணம் ஆகாதவனுக்குமா?"

"உனக்குத்தான்டா மொதல்ல."

சிரித்துக்கொண்டே வரிசைக்கு வந்துவிட்டார்கள். சி.யின் புருஷன் ஏழாவது ஆள். நல்ல முகம். கோபப்படலாம் என்று வந்தவளுக்கு அதுவும் முடியவில்லை. விரலை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கிட்டில் கோடு விழுந்தது, அவனுக்கும் இருக்கிறது. பக்கத்து டீக்கடைக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவனே ஒப்புக்கொண்டான். போன வருஷம் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போன இடத்தில் ஒரு தடவை. அப்புறம் புண். மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்றானாம், ஆறிவிட்டதாம்.

"யக்கா, வீட்ல தெரியக்கூடாதுக்கா. அவ மாசமா இருக்கா. தெரிஞ்சா உசிர விட்ருவா."

இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்டோபர் 13, திங்கள்

வந்துவிட்டான். ஊசி போட்டாயிற்று. இந்த ஆள் சத்தம் போட்டது வாசல் வரை கேட்டிருக்கும். ஆணுறை கொடுத்தேன், சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

அக்டோபர் 14, செவ்வாய்

சி.க்கு இரண்டாவது ஊசி. முடித்துவிட்டுப் படுத்தபடியே சொன்னாள்:

"நேத்து சாயங்காலம் அவரு ஒருச்சாச்சு உக்காந்து வண்டி ஓட்டிட்டு வந்தாருக்கா."

நான் பஞ்சு எடுப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு பக்கம் மட்டும். பள்ளத்துல எறங்கும்போதெல்லாம் ஆத்தாடின்னாரு. போன வாரம் நானும் அதே வண்டியில அப்பிடித்தானே உக்காந்து வந்தேன்."

 இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா." எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "எங்கிட்டிருந்து அவருக்குப் போகலன்னு எனக்குத் தெரியும்ல. அது போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெரசாப் போகணும், ஜீப்பு கிளம்பிவிடும் என்று போனாள். அதே ஜீப். அவன் பக்கத்து சீட்.

துடிப்பு கேட்டேன். இருக்கிறது. கொஞ்சம் மெதுவோ? மானிட்டர் பழசு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. தீபாவளி முடிந்து போகிறேன் என்றாள்.

அக்டோபர் 18, சனி

காலை ஆறு மணிக்கு சி. போன். "பிள்ள நேத்துலருந்து அசையலக்கா."

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவனேதான் ஓட்டிக்கொண்டு போனான்.

மதியம்: இல்லை. பிள்ளை இல்லை.

முறுக்கு சுட உட்கார்ந்தேன். எண்ணெயை இறக்கி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி போனது. நல்ல மழை. சி.க்கு மூன்றாவது ஊசியைப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்களாம்.

போகக்கூடாது என்று நினைத்தேன். போனேன். குரங்கணி ரோட்டில் வீடு. ஆண் பிள்ளையாம். சி. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், பால் கட்டாமல் இருக்க மாரில் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு: "மாசமா இருக்கவ மருந்தடிக்கிற காட்டுக்குப் போவாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! அந்த மருந்துதான் எம் பேரன அள்ளிட்டுப் போயிருச்சு."

"ஆமாத்தா, மருந்துதான்" என்றான் அவன். உடனே. வழுக்கி விழுபவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பது போல. பிறகு என்னைப் பார்த்தான். "அப்பிடித்தானேக்கா?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. 

சி.தான் பேசினாள். குரலே ஏறவில்லை. "ஆமா. ஜூன்லயே அக்கா நோட்டுல அப்பிடித்தான் எழுதுனாங்க."

காபி கொடுத்தார்கள். குடித்தேன். என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 24, வெள்ளி

தூக்கமில்லை. ஜூனில் அந்த ஒரு கேள்வி கேட்டு, ரத்தம் பார்த்து, ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும். டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்" என்றார். எழுதட்டும்.

பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். மருந்துப் புண் என்று எழுதிய அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். முதல் பக்கத்திலேயே நாலு பேர்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. ஜீப் ஏறவில்லை. கூட்டம்.

பதினொரு மணிக்கு சி. வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள். தனியாக இல்லை, கூடக் காய் எடுக்கும் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. பத்தொன்பது, இருபது இருக்கும், புதுத் தாலி.

"இவளுக்கு மருந்துப் புண்ணாம்க்கா" என்றாள் சி.

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி, "களிம்பு மட்டும் குடுங்க, சோலி கெடக்கு" என்றாள்.

நான் கையுறையை எடுத்தேன். சி. நகரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வலிக்குதான்னு கேளுங்கக்கா."

கேட்டேன்.

இல்லை என்றாள்.