எரிமலை வாவிக்குப் போன அக்கா

ஹவுன்ஸ்லோ
24.05.1994

அன்புள்ள அக்காவுக்கு,

ராசன் எழுதுவது. நீங்கள் சுகமாய்த்தான் இருப்பீங்கள். சுகமில்லாத ஆள் ரோமாபுரிக்குப் பறக்க ஏலாது தானே.

போன கிழமை ஹீத்ரோவிலை செல்வரத்தினம் உங்களைக் கண்டவராம். அவர் அங்கை பெட்டி ஏத்துற பக்கம் வேலை எண்டு உங்களுக்குத் தெரியும். "இராஜேந்திரன், உம்மடை அக்கா காற்சட்டையும் பெரிய சப்பாத்தும் போட்டு, முதுகிலை ஒரு மூட்டையோடை நிண்டவா. பக்கத்திலை ஒரு இந்தியாக்காரர். எங்கை எண்டு கேக்க, எரிமலை வாவி பாக்கப் போறன் எண்டு சிரிக்கிறா" எண்டு தமிழ்க் கடையிலை எல்லாருக்கும் கேக்கச் சொல்லுறார். நான் அரிசி மூட்டையைத் தூக்கினபடி நிண்டன். "ஓம், அக்கா ஒஃபீஸ் விஷயமாய்ப் போறா" எண்டு சமாளிச்சன். உங்களுக்கு ஒஃபீஸும் இல்லை, விஷயமும் இல்லை எண்டு அவைக்குத் தெரியாதோ?

தைப்பொங்கலோடை வீட்டை விட்டுப் போனீங்கள். அப்டன் பார்க்கிலை அறை எடுத்திட்டன் எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான். ரெலிபோன் எடுத்தால் கீழ்வீட்டுக்காரி நீங்கள் இல்லை எண்டுறா. கலா பிள்ளையளை விட்டிட்டு விடிய முதல் ஷிப்டுக்கு ஓடுறா. மூத்தவனுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க ஆளில்லை. சின்னவள் மாமி எப்ப வருவா எண்டு நெடுகலும் கேக்கிறாள். நான் என்ன சொல்ல?

ஐம்பத்தொன்பது வயசிலை ஒரு பொம்பிளை முன்பின் தெரியாத ஆம்பிளையோடை மலை ஏறித் தண்ணி பாக்கப் போனால் கேக்கிறவன் என்ன நினைப்பான்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை, அக்கா. கோபத்தை விட்டுட்டு வாங்கோ. உங்கடை அறை அப்பிடியே இருக்கு.

தம்பி
ராசன்


அப்டன் பார்க்
02.06.1994

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

ரெலிபோனிலை கதைச்சால் நீ கத்துவாய், நான் வைப்பன். கடிதமெண்டால் நீ கத்தினாலும் எனக்குக் கேக்காது. ஆனபடியால் இனி எழுத்திலையே கதைப்பம்.

ஹீத்ரோவிலை எங்கடை சனம் இல்லாத மூலை ஒண்டைக் காட்டு, அடுத்தமுறை அதாலை போறன். நான் ஒளிச்சுப் போகேல்லை. செல்வரத்தினத்துக்கு நானாய்த்தான் கை காட்டினனான். வந்து மூட்டையைத் தூக்கித் தருவாரெண்டு பாத்தன், அவர் கதையைத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் போனது அல்பானோ எண்ட வாவிக்கு. ரோமிலை இருந்து சின்ன ரெயிலிலை போகலாம். மலையும் இல்லாத, ஆறும் இல்லாத யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு முப்பது வருஷம் இதைத்தானே படிப்பிச்சனான். கரும்பலகையிலை ஒரு கிண்ணம் கீறி, உள்ளுக்கு நீலச் சோக்காலை தேய்ச்சு, எரிமலை வெடிச்சு ஓய்ஞ்ச பிறகு அந்தக் குழியிலை மழைத்தண்ணி நிறைஞ்சு வாவியாகும் எண்டு சொல்லுவன். "ரீச்சர், நீங்கள் கண்டனீங்களோ?" எண்டு ஆராவது ஒரு வாய்க்காரி கேப்பாள். "இருந்து எழுது" எண்டு அமத்திப்போடுவன். நான் என்னத்தைக் கண்டன்?

இப்ப கண்டிட்டன். விளிம்பாலை ஒரு ஒற்றையடிப்பாதை, ஒரு பக்கம் கஷ்கொட்டைக் காடு, மற்றப் பக்கம் செங்குத்தாய்க் கீழை தண்ணி. காய்ஞ்ச சருகிலை சப்பாத்து வழுக்கும். ஒரு இடத்திலை பயத்திலை குந்திக் குந்தியே இறங்கினனான். அடுத்தநாள் நேமி எண்டு இன்னொரு சின்ன வாவி. அந்தப் பக்கம் காட்டு ஸ்ட்ரோபெரி விக்கினம், ஒவ்வொண்டும் சுண்டங்காய் அளவுதான், அப்பிடியொரு வாசம். விளிம்பிலை இருந்து அதைத் திண்டுகொண்டு தண்ணியைப் பாக்க அழுகை வந்திட்டுது. சந்தோஷத்திலைதான். துடைக்கவும் இல்லை.

அந்த இந்தியாக்காரருக்குப் பேர் சுந்தரராஜன். கும்பகோணத்தார். தபால் கந்தோரிலை இருந்து ஓய்வெடுத்தவர், மனிசி காலமாயிட்டா. நூலகத்து நடைக் குழுவிலை அறிமுகம். குழுவை நடத்திறது மொறீன் எண்ட ஐரிஷ்காரி, முந்தி நேர்ஸ். எங்களோடை வேறை ஆக்களும் வந்தவை, உன்ரை செல்வரத்தினத்தின்ரை கண்ணுக்கு அவை தெரியேல்லை. சுந்தரராஜன் வெய்யிலுக்கும் மஃப்ளர் கட்டுவார், தயிர்ச்சோறு கொண்டு வருவார், என்ன சொன்னாலும் "ஆமாங்க" எண்டுவார். மற்றவை முன்னாலை ஓடிப்போயிடுவினம். என்ரை கால் அளவுக்கு நடக்கிற ஆள் அவர்தான்.

நான் ஏன் போனனான் எண்டு உனக்கு இன்னும் விளங்கேல்லைப் போலை. பொங்கலண்டு விருந்துக்கு வந்த ஆக்களுக்கு முன்னாலை, ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகவேணும் எண்டு நான் கேட்டனான். நீ என்ன சொன்னாய்? "அக்கா எங்கை போறது, அவ வீட்டோடை தானே" எண்டாய். கதவு, யன்னல் வீட்டோடை வாற மாதிரி. எல்லாரும் சிரிச்சினம். உன்ரை பிள்ளையளை வளத்ததுக்கு நான் ஒருநாளும் முகம் சுழிக்கேல்லை, அதுகள் என்ரை உயிர். ஆனால் நான் வீட்டோடை வந்த சாமான் இல்லை.

பள்ளிக்கூடமொண்டிலை பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுற வேலை கிடைச்சிருக்கு, என்ரை பாடு போகுது. செப்டெம்பரிலை ஜேர்மனியிலை லாகர் வாவிக்குப் போறம். இப்பவே சொல்லிப்போட்டன். சனிக்கிழமையளிலை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா, ரொட்டி சுட்டுத் தாறன்.

அன்புடன்
அக்கா


ஹவுன்ஸ்லோ
18.07.1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு நல்ல சேதி. இருந்துகொண்டு வாசியுங்கோ.

உங்கடை கடிதத்தைக் கலாதான் திருப்பித் திருப்பி வாசிச்சவா. "என்ரை கால் அளவுக்கு நடக்கிற ஆள்" எண்டு நீங்கள் எழுதின இடத்தை விரலாலை தொட்டுக் காட்டினா. அப்பதான் இந்த மரமண்டைக்கு விளங்கினது. வாய் திறந்து சொல்லக் கூச்சம், அதுதான் மலை, வாவி எண்டு சுத்தி வளைச்சிருக்கிறீங்கள். தம்பி ஒருத்தன் இருக்க நீங்கள் ஏன் கூச்சப்படவேணும்?

நூலகத்திலை விசாரிச்சு சுந்தரராஜன் ஐயாவின்ரை வீட்டுக்குப் போனன். உங்கள் ரெண்டு பேரின்ரை பேரிலையும் கோயிலிலை அர்ச்சனை செய்யவேணும் எண்டு சொல்லி நட்சத்திரமும் பிறந்த நேரமும் வாங்கினன். உங்கடை சாதகம் அம்மாவின்ரை பெட்டியோடை என்னட்டைத்தானே கிடக்கு. ஐயர் பாத்தார். பத்திலை ஏழு பொருத்தம். செவ்வாய்க் குற்றத்தைக் கேட்டன். இந்த வயசிலை அது பாக்கத் தேவையில்லையாம்.

நேற்று நானும் கலாவும் தட்டத்திலை பழமும் வெத்திலையும் கற்கண்டும் வைச்சுக் கொண்டு போனம். "இது அக்காவின்ரை விருப்பம், தானாய்ச் சொல்லமாட்டா, எங்களைப் போய்க் கேக்கச் சொன்னவா" எண்டன். மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு, "ஆமாங்க, அவங்களுக்கு விருப்பம்னா எனக்குச் சம்மதம்தாங்க" எண்டார். நல்ல மனிசன், அக்கா. எனக்கே கண் கலங்கிப்போச்சு.

ஆவணியிலை கலியாண எழுத்து. கோயில் மண்டபம் சொல்லியாச்சு. செல்வரத்தினத்துக்கும் சொல்லிப்போட்டன், இனி ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது. மேலறைக்குப் பெரிய கட்டில் பாத்திருக்கிறம். ரெண்டு பேரும் எங்களோடையே இருக்கலாம். ஐயாவிட்டைக் காரும் இருக்கு, பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை விட்டு ஏத்த வசதி.

அம்மா இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவா.

உங்கள் தம்பி
ராசன்


அப்டன் பார்க்
21.07.1994

ராசனுக்கு,

கோழியைக் கேட்டோ குழம்பு வைக்கிறது எண்டு சொல்லுவினம். நான் கோழி இல்லையடா.

அம்மா சந்தோஷப்படுவாவாம். இருபத்திரண்டு வயசிலை இருந்து வந்த கலியாணப் பேச்சுக்கால் எல்லாம் என்ரை செவ்வாய் எட்டிலை இருக்கு எண்டு வாசலோடை திரும்பிப் போனது. அம்மா அடுப்படிக்குள்ளை போய் அழுவா. நான் சீலையை மாத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவன். நீ அப்ப சின்னப்பொடியன், வந்தவை மிச்சம் விட்ட வடையைத் திண்டுகொண்டு நிப்பாய். எட்டிலை இருந்த அந்தச் செவ்வாய் இண்டைக்கு எங்கை போனது? உன்ரை பிள்ளையளை ஏத்தி இறக்க ஒரு கார் தேவைப்பட்டவுடனை அது எழும்பி நடந்திட்டுதோ?

சரி, என்னை விடு. அந்த மனிசனுக்கு என்ன செய்து வைச்சிருக்கிறாய் எண்டு கேள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து என்ரை வாசலிலை நிக்கிறார். மஃப்ளர் இல்லை, புதுச் சேட்டுப் போட்டிருக்கிறார். கையிலை கிறீன் ஸ்ட்ரீட்டிலை வாங்கின மல்லிகைச் சரம். "தம்பிய அனுப்பாம நீங்களே கேட்டிருக்கலாமேங்க" எண்டு சிரிக்கிறார். நான் ஆரையும் அனுப்பேல்லை, ஒண்டும் கேக்கேல்லை எண்டு அந்த முகத்தைப் பாத்துச் சொல்லவேண்டி வந்தது. அவர் நம்பேல்லை. உன்ரை கடிதத்தைக் காட்டினன். பூவை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் படிக்கட்டிலை வைச்சிட்டுப் போயிட்டார். ஜேர்மனிக்கு வரேல்லை எண்டு மொறீனுக்குச் சொல்லிப்போட்டாராம்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஓம், பிடிக்கும் எண்டே எழுதுறன், கலாவையும் கூப்பிட்டு வாசி. பிடிச்ச ஆளோடை எல்லாம் எழுத்து வைக்கவேணும் எண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு? அவரோடை நடக்க எனக்கு ஆசை. அவருக்குச் சமைச்சுப் போட்டுக்கொண்டு உன்ரை மேலறையிலை கிடக்க ஆசையில்லை. இந்த ரெண்டுக்கும் நடுவிலை ஒரு பொம்பிளை இருக்கலாம் எண்டது உனக்குத்தான் விளங்கேல்லை.

எனக்குச் செய்த அநியாயத்தை நான் பொறுப்பன், நீ நான் தூக்கி வளத்த பொடியன். அவருக்குச் செய்ததைப் பொறுக்க ஏலாது. "அக்கா சொல்லேல்லை, நான்தான் பொய் சொன்னனான்" எண்டு நீயே அவருக்கு எழுது. அது நடக்குமட்டும் உன்ரை வாசலுக்கு வரமாட்டன். மண்டபத்தை என்ன செய்யிறதெண்டு கேக்காதை, கலாவின்ரை பிறந்தநாளைக் கொண்டாடு.

சிவமலர்


ஹவுன்ஸ்லோ
30.07.1994

அக்காவுக்கு,

நான் களவெடுக்கேல்லை, கொலை செய்யேல்லை. கூடப்பிறந்தவளுக்கு ஒரு நல்லது செய்ய வெளிக்கிட்டன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்சது. பார்க்கிங் ஊரிலை இருக்கிற சித்தப்பா வரைக்கும் எல்லாருக்கும் சொல்லியாச்சு, இப்ப ஒவ்வொருத்தருக்கும் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். மானம் கப்பலேறிப் போச்சு. இதுக்குள்ளை நான் பொய்யன் எண்டு ஒரு பிற ஆளுக்குக் கையெழுத்து வைச்சுக் குடுக்கவேணுமோ? எழுதமாட்டன்.

ஒண்டை யோசியுங்கோ. உங்களுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த எரிமலைக் கிடங்குகளைச் சுத்தி நடந்து தவறி விழுந்தால் ஆர் வருவினம்? நாங்கள்தான் வரவேணும். அந்த நன்றி கொஞ்சமாவது இருக்கவேணும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜேர்மனிக்குப் போனால் உங்களுக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை. நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால் கொள்ளி வைக்க நானும் வரமாட்டன், என்ரை மகனையும் விடமாட்டன். அம்மா மேலை ஆணை.

இராஜேந்திரன்


லாகர் வாவி, ஜேர்மனி
17.09.1994

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

நீ கோபத்திலை எழுதினாலும் நான் அன்புள்ள எண்டுதான் தொடங்குவன். அதை நிப்பாட்டச் சொல்ல உனக்கு உரிமை இல்லை.

வந்திட்டன். லண்டன் விக்ரோறியாவிலை கோச் பஸ் ஏறேக்கை சுந்தரராஜன் வந்தவர். பயணத்துக்கில்லை, வழியனுப்ப. தயிர்ச்சோத்துப் பெட்டியை என்ரை கையிலை தந்திட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு, "ஆமாங்க, நான் ஆசைப்பட்டது நெஜம்தாங்க" எண்டார். "ஆசைப்பட்டதிலை பிழையில்லை, ஐயா. நான் கேக்காததைக் கேட்டனான் எண்டு அவன் சொன்னதுதான் பிழை" எண்டன். தலையை ஆட்டினார். இனி நடக்க வருவாரோ வரமாட்டாரோ, எனக்குத் தெரியாது. வரேல்லையெண்டால் எனக்கு அது பெரிய கவலைதான். அதுக்காக நான் பொய்யை உண்மையாக்க ஏலாது.

இண்டைக்கு வாவியை முழுக்கச் சுத்தி நடந்திட்டம். காலமை தொடங்கி, நிண்டு நிண்டு, மத்தியானம் கடந்து முடிச்சம். ஒரு கரையிலை ஒரு பழைய மடாலயம், மற்றது எல்லாம் காடு. கிழக்குக் கரையிலை ஒரு இடத்திலை தண்ணி குமிழ் குமிழாய்க் கிளம்புது. கொதிக்குதாக்கும் எண்டு பயந்து பயந்து கையை வைச்சால் பச்சைத்தண்ணி. கீழை கிடக்கிற எரிமலையின்ரை காத்து வருதாம். ஓய்ஞ்சுபோச்சு எண்டு நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறம். அதிலை குந்தியிருந்து விரலாலை அளைஞ்சுகொண்டே இருந்தன், மொறீன் கூப்பிட்டும் எழும்ப மனம் வரேல்லை.

விழுந்தும் போனன். வேரொண்டு தடக்கி முழங்காலிலை உரஞ்சுப்பட்டுப் போச்சு. மொறீனும் இன்னொரு மனிசியும் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கி, காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, ஏசவும் ஏசினவை. விழுந்தால் ஆர் வருவினம் எண்டு கேட்டாய், இவை வந்தவை.

இனிக் கொள்ளிக் கதைக்கு வாறன். ஆறிலும் சாவு நூறிலும் சாவு, நான் அதுக்குப் பயப்பிடேல்லை. ஆனால் நீ அந்தச் சொல்லைத் தூக்கி எறிஞ்ச அண்டு நான் சாப்பிடேல்லை. நீ நினைச்ச மாதிரியே அது நொந்தது, மறைக்கேல்லை. அடுத்தநாள் இருந்து யோசிச்சுப் பாத்தன். கலாவின்ரை தகப்பன் காலமாக, தகன மண்டபத்திலை நீதான் முன்னுக்கு நிண்டனி. நெருப்பு எங்கையடா இருந்தது? சுவரிலை ஒரு பொத்தான். ஐயர் காட்ட, நீ அமத்தினாய், திரை மூடிச்சுது. வெளியிலை அடுத்த செத்தவீட்டுச் சனம் காத்துக்கொண்டு நிண்டது. லண்டனிலை கொள்ளி எண்டது அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பொத்தானை அமத்துவியோ எண்டு மொறீனிட்டைக் கேட்டன். "சிவா, உனக்கு முதல் நான் போகாட்டில் கட்டாயம் அமத்துவன்" எண்டா. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம்.

ஆனபடியால், தம்பி, என்னைப் பயப்பிடுத்த உன்னட்டை இனி ஒண்டும் இல்லை. வாற வருஷம் அசோர்ஸ் தீவுக்குப் போறம், அங்கையும் பெரிய எரிமலை வாவியள் இருக்கு. சுந்தரராஜனுக்கு நீ எழுதவேண்டிய கடிதம் இன்னும் எழுதவேண்டியதுதான், அதிலை நான் இறங்கி வரமாட்டன். எழுதின அண்டைக்கு உன்ரை வாசலுக்கு வாறன். பிள்ளையள் எப்பவும் இஞ்சை வரலாம், பெரியாக்களின்ரை சண்டை அதுகளுக்கு வேண்டாம்.

நான் சாகிற காலத்திலை உன்ரை கோபம் ஆறியிருந்தால் வந்து முன்வரிசையிலை இரு. நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். ஆறாட்டில் வீட்டிலை இரு. அந்தப் பொத்தான் ஆர் அமத்தினாலும் வேலை செய்யும்.

அக்கா
சிவமலர்