வெளியே தொங்கும் பூட்டு

அன்புள்ள பெரியவளுக்கு,

நான் வழிதவறிப் போகவில்லை. சின்னவன் அப்படிச் சொல்லியிருந்தால் அது பொய். பல் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் வரவில்லை, நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து உன் தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகும்போது வாசற்கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறார்கள். என் அறையின் உள்தாழ்ப்பாளையும் தச்சனைக் கூப்பிட்டுக் கழற்றியாயிற்று. என் போன் ரிப்பேருக்குப் போனது, திரும்பவில்லை. கேட்டால், எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான் அத்தை என்கிறாள். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் ஒரு சொல்லின் பொருளை ஒப்பித்தால் மதிப்பெண் தரமாட்டார், சொந்த வாழ்க்கையிலிருந்து வாக்கியம் கேட்பார். 'சிறைவைத்தல்' என்பதற்கு ஏதோ ராஜா கதை எழுதிப் பாதி மதிப்பெண்தான் வாங்கினேன். இப்போது எழுதுகிறேன்: என் மகன் என்னைச் சிறைவைத்திருக்கிறான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. உனக்கு அம்மை கண்டபோது உன்னை அறையைவிட்டு வெளியே விடவில்லை, ஆனால் நானும் கூடவே உள்ளே இருந்தேன், என்றைக்கு வெளியே வரலாம் என்றும் சொன்னேன். இங்கே அந்த நாளே கிடையாது. மறுத்துப் பேசினால் அதுவே புத்தி பிசகியதற்கு அத்தாட்சி. நேற்று இஸ்திரிக்காரப் பெண் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டாள், ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன். ஐயோ, வீடு காலின்னுல்ல நெனச்சேன் என்றாள். காலி பண்ணிட்டுத்தான் இருக்காங்க, நான் ஒருத்திதான் பாக்கி என்றேன். சிரித்தாள், பிறகு பூட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

போன வாரம் சின்னவனின் டாக்டர் நண்பர் வந்தார். நான் எதிரே உட்கார்ந்திருக்க, இவங்க நல்லா தூங்குறாங்களா என்று அவனைக் கேட்டார். மாதக் கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தைச் சும்மா பாத்துட்டு வரலாம்மா என்கிறான். பார்த்துவிட்டு வர என் கம்பளி உடைகளை எதற்குப் பெட்டியில் அடுக்க வேண்டும்? உன் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, துண்டில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் சம்மதித்தால்தான் அங்கே சேர்ப்பார்களாம், கூடத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஆகவே உனக்குப் போன் செய்வான். குரல் தழுதழுக்கும், அவனுக்கு அது சின்ன வயதிலிருந்தே சுலபம். நீயும் வழக்கம்போல, சரி, உன் இஷ்டம்டா என்று சொல்லிவிடாதே. அவன் கேட்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குழந்தையை அதட்டாதே. எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். இதை இஸ்திரிக்காரப் பெண்தான் தபாலில் சேர்க்கிறாள், அவள் விலாசம் உறையின் பின்புறம் இருக்கிறது. சம்மதமில்லை என்றால் அப்படியே எழுது. சம்மதம் என்றால் அதையும் உன் கையாலேயே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா