இரண்டு ஜேம்ஸ்

பாப்பிரெட்டிப்பட்டி
12 ஜூன் 2025

அன்பு மகள் பூவிழிக்கு,

எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் குழம்பிவிடுவேன்.

1. கோயில் புத்தகம்.
2. சர்க்கார் பதிவு.
3. என் முடிவு.
4. அம்மா கேட்கச் சொன்னது.

மருமகன் டங்கனின் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸின் பெயரைப் பிறக்கப்போகும் குழந்தைக்கு வைக்க ஆசை, ஆனால் அவர் பிறந்த வருடமே குழப்பமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய ஸ்காட்லாந்து நகல்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோயில் புத்தகத்தில் அவருக்கு 1851இல் ஞானஸ்நானம். சர்க்கார் பதிவிலோ 1857இல்தான் பிறக்கிறார். தாய், தகப்பன், ஊர் எல்லாம் ஒன்றே.

கோயில் புத்தகமே சரி என்று நினைக்கிறேன். எனக்கே மார்ச் மாதம் ஞானஸ்நானம். பள்ளிச் சான்றிதழ்ப்படி அதே வருடம் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறக்கிறேன். சேர்க்கப் போன அன்று வாத்தியார் போட்டது. அங்கும் யாராவது அப்படிப் போட்டிருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு ஜேம்ஸ் இருந்திருக்க முடியாது. மூத்தவன் இறந்திருந்தாலும், இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு யார் வைப்பார்கள்? நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். உன் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்.

அம்மா கேட்பது: "காலு வீக்கம் வத்திச்சான்னு கேளுங்க. நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா, நெசத்த எழுதச் சொல்லுங்க."

அன்புடன்,
அப்பா சவுரியப்பன்


டண்டீ
24 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் வீக்கம் நிஜமாகவே குறைந்துவிட்டது. உங்கள் கடிதத்தை மாமாவுக்குச் சொன்னேன். ஜூன் ஒன்றாம் தேதியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சர்க்காரின் இறப்புப் பதிவுகளையும் தேடிப் பார்த்தார். 1856இல் ஒரு ஜேம்ஸ், ஐந்து வயது, காய்ச்சல். அடுத்த வருடம் பிறந்த தம்பிக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே அது வழக்கமாம்.

அப்பா, போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். போன வருடம் எங்கள் குழந்தை பெயர் வைக்கும் முன்பே போய்விட்டதாகச் சொன்னேன். இல்லை. இருந்த இரண்டு நாளும் ஜேம்ஸ் என்றுதான் கூப்பிட்டோம். இதுவும் பையன்தான். இவனையும் அப்படியே கூப்பிட எங்களுக்கு ஆசை. நீங்களோ 'யார் வைப்பார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். அபசகுனம் என்று நீங்களும் அம்மாவும் நினைத்தால் வேறு பெயர் பார்க்கிறோம். கோபமில்லை.

உங்கள்
பூவிழி


பாப்பிரெட்டிப்பட்டி
6 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். சட்டையைத் துவைக்க எடுத்தவள், "என்னங்க இது? எனக்குப் படிச்சுக் காட்டாம?" என்றாள். படித்தேன். பிறகு, "பேரு தெரியாம ஒரு வருசமா 'அந்தப் புள்ள, அந்தப் புள்ள'ன்னே வேண்டிக்கிட்டு இருந்தனேங்க" என்றாள்.

இன்று காலை கோயிலில் ஜேம்ஸ் பெயருக்குப் பூசை வைக்கச் சொன்னாளாம். உயிரோடிருப்பவருக்கா, இறந்தவருக்கா என்று பூசைக்குப் பெயர் எழுதும் உபதேசியார் கேட்டிருக்கிறார். "ரெண்டு பேருக்கும் போடுங்க" என்றாளாம்.

அந்தப் பெயரையே வையுங்கள்.

போன கடிதத்தில் என் மூன்றாவது குறிப்பு தவறு.

அப்பா