கலாக்காவின் கைக்கு ஒன்றுமில்லை

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட என் கலாக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் மைக்கைப் பிடித்து உன் பேரைச் சொன்னான். கோயமுத்தூரில், மாவட்ட வில்வித்தைப் போட்டி மேடையில், அத்தனை பேர் முன்னால். நான் ஒரு வார்த்தை விடாமல் ரசித்துக் கேட்டேன். இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அவன் பேரை எழுத மாட்டேன். வில்வித்தைச் சங்கத்துச் செயலாளர் என்றால் உனக்குப் போதும். உன் பேர் இருக்கிற காகிதத்தில் அவன் பேருக்கு இடம் கிடையாது.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் நீ யார் என்று தெரிய வேண்டுமே. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், காலேஜில் மூங்கில் வில்லைக் கையில் எடுத்தவள். அந்த வில்லில் குறி பார்க்கக் கண்ணாடியோ கம்பியோ எதுவும் கிடையாது. அம்பின் முனைதான் குறி, மீதியெல்லாம் கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஜில்லாவில் உன்னை அடிக்க ஆள் இல்லாமல் இருந்தாய்.

பிறகு அந்தத் தொந்தரவு வந்தது. வில்லை இழுப்பாய், விரல் வாயோரம் வந்து நிற்கும், அம்பு முனை மட்டும் இலக்குப் பலகையின் நடு மஞ்சளுக்கு ஏறாமல் கீழே சிவப்பு வளையத்திலேயே ஒட்டிக்கொள்ளும். “யாரோ கீழ இருந்து புடிச்சு இழுக்கறாப்புல இருக்குது ருக்கு” என்றாய். எனக்கு அப்போது புரியவில்லை. மேலே தூக்கினால் சரியாகப் போகிறது, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று அப்பாவும் நானும் வேலிக்கு வெளியே நின்றிருந்தோம். நீ இழுத்துப் பிடித்தபடி நின்றாய். முனை ஏறவில்லை. பிடித்துப் பிடித்துக் கை ஆட ஆரம்பித்தது. அவன் மைக்கை எடுத்தான்.

“பாருங்க, அம்மணிக்கு வில்லைத் தொட்டதும் குளிர் காய்ச்சல் வந்துருச்சு” என்றான். கையை நீட்டி உன்னைப் போலவே நடுங்கிக் காட்டினான். ஜனம் சிரித்தது. “போ கண்ணு, போய் வாசல்ல கோலம் போடு போ.”

உன் இடத்தில் அவனுடைய அக்கா மகள் வசந்தியைப் போட்டான். நீ வில்லின் நாணைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தாய். அன்னூர் வரும்வரை பஸ்ஸில் அதை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தாய்.

அடுத்தது பல்லடத்துச் சம்பந்தம். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்த பிறகு, வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. அப்பா கோயிலில் கயிறு மந்திரித்து வந்து உன் கையில் கட்டினார். “புள்ளைக்கு நரம்புல என்னமோ இருக்குது” என்று அவரே பேச ஆரம்பித்துவிட்டார். நீ மறுத்துக்கூடப் பேசவில்லை. பிறகு மஞ்சள் காமாலை. உன் உயிரை எடுத்தது காமாலைதான், தெரியும். ஆனால் அது வந்தபோது எதிர்த்து நிற்க உன்னிடம் என்ன மிச்சம் இருந்தது?

கருமாதி முடிந்ததும் உன் வில்லைப் பரணில் இருந்து எடுத்தேன். விளையாட வேண்டும் என்று அல்ல. எந்த மைக்கில் உன்னைக் கேலி பேசினானோ, அதே மைக்கில் அவனைப் பேச வைக்க வேண்டும். அதற்கு நான் அந்த மேடையில் ஏற வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். வேலை முடிந்து வந்து, சாக்கில் கழிவுப் பஞ்சை அடைத்து வேப்பமரத்தில் கட்டி, அதில் எய்வேன். முதல் வாரமே நாண் முழங்கை உள்பக்கத்தில் அடித்து அடித்து நாவல் பழ நிறத்தில் கன்றிப்போனது. வில்லைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்திருந்தேன். யாருடைய கழுத்து என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டை விரலின் அடிச் சதையில் வில்லைச் சாய்த்து, மற்ற விரல்களைத் தளர விட்டு, முழங்கையைக் கொஞ்சம் வெளியே திருப்பிய பிறகுதான் அந்த அடி நின்றது.

அடுத்து, அம்பெல்லாம் இடது பக்கமே போனது. நாணை விடும்போது கையை வெட்டி வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். முதுகால் இழுத்துக்கொண்டே இருந்தால், விரல் திறக்கும்போது கை தானாகக் காதுக்குக் கீழே பின்னால் போகும் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. நீ சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும்.

அம்பு சாக்கில் ஓரிடத்தில் விழத் தொடங்கியதும் நான் ஒரு காரியம் செய்தேன். அடுப்புக் கரியை எடுத்துச் சாக்கில் அவன் மூஞ்சியை வரைந்தேன். மீசையோடு.

அங்கேதான் கெட்டது. மூஞ்சியைப் பார்த்ததும் விரல் வாயோரம் வருவதற்கு முன்பே நாண் கையை விட்டுப் போய்விடும். பாதி இழுவையிலேயே அம்பு பறந்து மண்ணில் குத்தும். பொறுத்துப் பார், பொறுத்துப் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு நிறுத்தினால், அப்போது முனை அவன் மோவாய்க்குக் கீழேயே நின்றுவிடும். ஏறாது. கை ஆடும்.

வில்லைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. எனக்கு எந்த வியாதியும் இல்லை. அப்படியானால் உனக்கும் இல்லை. தப்பிவிடுமோ என்ற பயமோ, அடித்தே தீர வேண்டும் என்ற வெறியோ, ஏதோ ஒன்று கைக்கு முன்னால் ஓடிவிடுகிறது. குறி பார்ப்பதும் விடுவதும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அவ்வளவுதான். இதைத்தான் அவன் காய்ச்சல் என்றான்.

சாக்கைத் திருப்பிக் கட்டினேன். அவனை மன்னித்ததால் இல்லை. அவன் அங்கே நின்றால் என் அம்பு போகாது என்பதால்.

ஒரு சனிக்கிழமை சரவணம்பட்டியில் இருந்து பஸ் ஏறி ஒரு பெண் வந்தாள். தோட்டத்து வழியில் நின்று, “ஏனுங்க, ருக்குமணிங்களா?” என்றாள். “நான் வசந்திங்க. கலாக்கா எடத்துல என்னயத்தான் போட்டாங்க.”

“தெரியும். இப்ப எதுக்கு வந்தீங்க?”

“எனக்கும் அதே வந்துருச்சுங்க. முனை மேல ஏற மாட்டேங்குது. மாமா பின்னாடி நின்னு கத்தறாருங்க, கத்தக் கத்த மோசமாகுது. கலாக்கா இருந்தப்ப அதை எப்படிச் சரி பண்ணிக்கிட்டாங்கன்னு உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன்.”

“சரி பண்ணறதுக்கு அவளை எங்க விட்டீங்க?”

அவள் அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக அழட்டும் என்றுதான் இருந்தது. அவன் வீட்டுப் பெண்ணுக்கே இது வந்ததில் எனக்கு எவ்வளவு திருப்தி, தெரியுமா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். “பல்லடத்துக்காரங்க மாமாகிட்ட விசாரிக்க வந்திருந்தாங்க. நாந்தான் காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தப் புள்ளைக்கு நரம்பு வியாதி, வலிப்பு வரும், அதனாலதான் டீம்ல இருந்து எடுத்துப்போட்டேன்னு மாமா சொன்னாருங்க. எல்லாரும் ஏன் எடுத்தீங்கன்னு கேட்டுட்டு இருந்தாங்கல்ல, அதுக்காக.”

அக்கா, ஏன் சம்பந்தம் நின்றது என்று தெரியாமலே போனாய். இதோ, இதுதான் காரணம். தன் சொந்தக்காரப் பெண்ணைப் போட்டதற்குச் சாக்கு வேண்டும் என்று உன்னை நோயாளி ஆக்கினான். அதைச் சொல்லும்போது காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

“இதை மைக்குல சொல்லுவீங்களா?” என்று கேட்டேன்.

வேப்பமரத்தில் கட்டியிருந்த சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். “சொல்லறேனுங்க.”

“அப்படின்னா வில்லை எடுங்க.”

அப்படித்தான் தொடங்கினோம். சாக்குக்கு வெகு பக்கத்தில் நின்று, கண்ணை மூடி எய்தோம். குறியே இல்லாததால் கை தன் வேலையை மட்டும் பார்த்தது. பிறகு கண்ணைத் திறந்து, மஞ்சள் காகிதம் ஒட்டி, முனையை அதில் நிறுத்திவிட்டு, எய்யாமலே வில்லை இறக்கினோம். எய்யாமல் இறக்கலாம் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் முனை மஞ்சளுக்கு ஏறவே சம்மதித்தது. கடைசியில் ஒருத்தி இழுத்துப் பிடிப்பாள், இன்னொருத்தி பின்னால் நின்று ‘விடு’ என்பாள், இல்லாவிட்டால் ‘எறக்கு’ என்பாள். எது வரும் என்று தெரியாது. சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். முதலில் ‘எறக்கு’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் விட்டுவிடுவாள். எனக்கும் அப்படியேதான். நாள் போகப் போகக் கை நம் பேச்சைக் கேட்டது. உன் பின்னால் இப்படி ஒருத்தி நிற்காமல் போனாளே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

போட்டியன்று அப்பாவைப் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். கடைசி அம்பு வரைக்கும் வசந்தியும் நானும் ஏறக்குறைய சமமாக வந்தோம். நான் கடைசி அம்பைத் தொடுத்தபோது அவன் வந்து பின்னால் நின்றான். பக்கத்து ஆளிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்: “அதே ஊட்டுப் புள்ளதானுங்க. இப்பப் பாருங்க, ஆடும்.”

காது சுட்டது. முனை மஞ்சளைத் தொட்டதும் விரல் துள்ளப் பார்த்தது. வில்லை இறக்கினேன். பின்னால் சிரிப்புக் கேட்டது. மூச்சை விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். விரல் வாயோரம் வந்தது, முனை ஏறி நின்றது. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன், நாண் தானாகப் போனது. அம்பு எங்கே குத்தியது என்று பார்க்கக்கூட இல்லை. திரும்பி அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் எல்லாம் தெரிந்தது.

மேடையில் அவன் எனக்கான முதல் இடத்துப் பதக்கத்தோடு வந்தபோது நான் ஓரடி பின்னால் போனேன்.

“ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அப்பறம் போடுங்க சார். எங்கக்கா கலாமணி கைக்கு ஒண்ணும் இல்லைன்னு மைக்குல சொல்லுங்க.”

“அதெல்லாம் பொறவு பேசிக்கலாம் கண்ணு. ஆளுங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும்னுதானுங்க இங்க வந்து கேக்கறேன்.”

பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தான். அதற்குள் இரண்டாம் இடத்துக்கு நின்றிருந்த வசந்தி போய் மைக்கைப் பிடித்தாள். காப்பி கொடுத்ததில் இருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். “எங்க மாமாதான் சொன்னாருங்க. பொய்யினு தெரிஞ்சேதான் சொன்னாரு” என்று முடித்தாள். யாரோ ஒருவர் கீழே இருந்து, “ஏனுங்க, அந்தப் புள்ள கேக்கறதைச் சொல்லிப்போடுங்க” என்றார்.

சொன்னான். “கலாமணிக்கு ஒரு வியாதியும் இல்லீங்க. கை நல்லாத்தான் இருந்துச்சு. நான் சொன்னது தப்புங்க.” நான் பதக்கத்தை அவன் கையால் வாங்காமல், அவன் மேசையில் வைத்த பிறகு எடுத்துக்கொண்டேன். கீழே வந்தபோது அப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். “நானும் நம்பிப்போட்டேனே ருக்கு” என்றார். எனக்கு அவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

அவன் உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பதவியில் இருந்து இறங்கிவிட்டானாம். நேற்று வீட்டுக்கே வந்தான், ஒரு பை நிறையப் பழத்தோடு. நம் வீட்டு வழக்கப்படி அப்பா உட்காரச் சொன்னார்.

“ஏதோ வாய் தவறிச் சொல்லிப்போட்டேன் அம்மணி. மன்னிச்சுக்கோ.”

“வாய் தவறலைங்க. யோசிச்சுத்தான் சொன்னீங்க. மன்னிக்க வேண்டியவ நான் இல்லீங்க. அவ இப்ப உசுரோட இல்லை. போயிட்டு வாங்க” என்றேன். கோபத்தில்கூட நம்மை அந்த ‘ங்க’ விட மாட்டேன் என்கிறது, பாரேன். அவன் போனதும் பழத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். அப்பா பார்த்தார், தடுக்கவில்லை.

எல்லாரும் இனி விட்டுவிடு என்கிறார்கள். நீ இருந்திருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாயோ? இல்லை, என்னோடு சேர்ந்து பையை நீயே கவிழ்த்திருப்பாயோ? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வசந்தியும் நானும் பல்லடம் போகிறோம். அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. அவர்கள் குடும்பத்தில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் வீட்டுத் தறிச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி, மாப்பிள்ளையின் அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டு, நீ எப்படிப்பட்ட பெண் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன், தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டேன். உன்னைப் பற்றி அந்தப் பொய்யைக் கேட்ட ஒரு காதைக்கூட நான் விட்டுவைக்க மாட்டேன் அக்கா. இது உன் மேல் சத்தியம்.

உன் முதுகுக்குப் பின்னாலேயே வளர்ந்த,
உன் கூடப் பிறந்தவள்,
ருக்கு