மேல் ஸ்தாயியில் ஒரு ஓம்

நவம்பர் 14, வியாழன்

அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய ‘சோல்’ பாட்டுகளில் முன்னால் நிற்பவள் கேள்வி கேட்டுப் பாடுவாள், பின்னால் நிற்பவள் ‘யெஸ்’ என்று பதில் பாடுவாள். முன்னவளை உலகத்துக்கே தெரியும். பின்னவளின் பெயர் இசைத்தட்டு உறையில்கூட இராது. எனக்கு வேண்டியது அந்தப் பின்னவளின் இடம்தான். கிறிஸ்மஸ் கச்சேரியில் அதை எனக்குத் தருவதா என்று எங்கள் பாடகர் குழுத் தலைவி மார்சியா இன்று முடிவு செய்ய இருந்தாள். போன கிழமை அவள் சொன்னது இன்னும் குத்திக்கொண்டிருந்தது: “நீ ‘யெஸ்’ சொல்வது வங்கியில் கையெழுத்து வைப்பது போல இருக்கிறது.”

பார்க்டேல் தேவாலயத்தின் நிலவறையில் இன்றும் இரண்டு தரம் அப்படியே பாடினேன். பிறகு மார்சியா என் முகத்துக்கு நேரே வந்து நின்று, “இன்னும் இருக்கிறாயா?” என்று உருகிப் பாடினாள்.

யோசிக்காமல் “ஓம்” என்றேன். அது அடிவயிற்றிலிருந்து எழும்பி, மேலே போய், வளைந்து வளைந்து இறங்கியது. பியானோ நின்றுவிட்டது.

“அதென்ன, யோகா மந்திரமா?” என்றாள் மார்சியா.

“இல்லை. எங்கள் வீட்டுத் தமிழில் ‘யெஸ்’ஸுக்கு அதுதான்.”

“இத்தனை மாதமாக அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?”

இடம் எனக்குத்தான். மற்றவர்களும் என்னோடு சேர்ந்து ‘ஓம்’ என்றே பாடப்போகிறார்கள். யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர், “என்னப்பா, கிடைச்சதோ?” என்றார்.

“ஓம்!”

“எனக்குக் காது கேக்குது. ஏன் கத்துறீர்?”

நான் கத்தவில்லை. பதில் பாடினேன்.